சூடாமணியின் அக்னி மூலை

சூடாமணி சண்டை போடமாட்டாள். அவளிடம் பயப்பட வேண்டியதே அதற்காகத்தான். கத்தித் தீர்த்துவிட்டால் கோபம் கரைந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கத்தமாட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. "சரிங்க" என்பாள். அந்தச் "சரிங்க"வைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

மயிலாப்பூரில் கால்வாயோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கோதண்டபாணி மீன்பாடி வண்டி ஓட்டினார். மோட்டார் வைத்த அந்த மூன்றுசக்கர வண்டியில் குளத்தைச் சுற்றியிருந்த கடைகளுக்கு மூட்டை ஏற்றுவார். சூடாமணி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு மளிகைக்கடைக்காரி, சோப்பு ஒன்று குறைகிறது என்று எல்லோர் முன்னாலும் அவளுடைய பாவாடை மடிப்பை உதறிப் பார்த்தாள். சோப்பு இல்லை. சூடாமணி அழவில்லை. மறுநாளிலிருந்து இன்னொரு தெருவில் இருந்த கடைக்குப் போனாள். வாங்கியதைப் பையில் போடாமல், சோப்போ சேமியாவோ, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இந்த மளிகைக்கடைக்காரியின் வாசல் வழியாகவே நடந்து வந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கும் வரை அப்படித்தான். கடைசிக் காலத்தில், இவள் தலை தெருமுனையில் தெரிந்ததுமே கடைக்காரி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி, "வண்டிக்காரன் பொண்ணா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அந்தச் சித்தி வீட்டு வளைகாப்புக்குச் சூடாமணி பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா ஓட்டிய மீன்பாடி வண்டியில் போய் வாசலில் இறங்கினாள். அந்த மோட்டார் போட்ட சத்தத்தில் உள்ளே பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள், "அந்த மேடத்துக்கிட்டயே குத்திக்கிறேன்" என்று அவளுக்காகக் காத்திருப்பார்கள். கை அவ்வளவு லேசு. நரம்பைத் தேடித் தட்டிக்கொண்டிருக்கமாட்டாள். பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும், எங்கே ஓடுகிறது என்று.

கணவர் நெடுஞ்செழியன் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர். யாரைப் பற்றியும் கெட்டதாக நினைக்கத் தெரியாதவர். ஆட்டோக்காரர் சுற்றிப் போனால்கூட, "அந்தப் பக்கம் டிராஃபிக்கா இருந்திருக்கும் மணி" என்பார். அவர்கள் இருப்பது அவருடைய அப்பா சாஸ்திரி நகரில் கட்டிய தனி வீடு. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட தெருவில் பின்பக்கம் மண் தரை மிஞ்சியிருந்த வீடு அது ஒன்றுதான். அந்த மண்ணின் தென்கிழக்கு மூலையில் ஒரு நாட்டு வாதாம் மரம் நின்றது.

மரநிழலில் வளர்ந்தவள் இல்லை சூடாமணி. கால்வாயோரத்தில் மரம் ஏது? வேலை முடிந்து மதியம் வந்ததும் டீ டம்ளரோடு அதன் அடியில் உட்காருவாள். இலைகள் ஒவ்வொன்றும் ஒரு கை அகலம். உதிர்வதற்கு முன் சிவந்துவிடும். யாரும் அவளிடம் கை நீட்டாத நேரம் அது ஒன்றுதான்.

மதிலுக்குத் தெற்கே கனகராஜின் வீடு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. பழைய வீட்டை வாங்கி இடித்து மூன்று மாடி எழுப்பியிருந்தார். வாசலை ஒருமுறை மாற்றினார், படிக்கட்டை இரண்டு முறை. எல்லாம் வாஸ்து. கட்டி முடித்து வந்ததிலிருந்தே அவருக்கு வாதாம் மரத்தின்மேல் கண். வௌவால் பழத்தைக் கடித்துக் காரின்மேல் போடுகிறது என்றார். சருகு விழுகிறது என்றார். ஒருநாள் கையில் திசைகாட்டியோடு வாஸ்துக்காரர் ஒருவர் அவருடைய மொட்டை மாடியில் நின்று மரத்தை நோக்கிக் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்ததைச் சூடாமணி துணி காயப்போடும்போது பார்த்தாள். அவளுடைய தென்கிழக்கு மூலைதான் மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய வடகிழக்கு மூலை. ஈசான்யம். பூஜை அறை அங்கேதான். மரம் இவள் மண்ணில் நின்றாலும் நிழல் மதிலைத் தாண்டி அவருடைய ஈசான்யத்தில் விழுந்தது. அதுதான் குற்றம்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த வாரம், சூடாமணியும் கணவரும் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பின்பக்கம் வெளிச்சமாக இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தை அந்த இடத்தில் அவள் பார்த்ததே இல்லை. மரத்தை அடியோடு வெட்டியிருந்தார்கள். துண்டு துண்டாக அறுத்து, மதிலோரம் அழகாக அடுக்கிக்கூட வைத்திருந்தார்கள்.

கனகராஜ் மதில் மேல் தலை நீட்டினார். "புயலு வருதுன்னு டிவியில சொன்னாம்லா. ஒங்க வீட்டு மேல சாஞ்சிருச்சின்னா என்ன ஆவும்? போன் போட்டேன், கிடைக்கல. அதான் நானே ஆளக் கூட்டியாந்து எடுத்துட்டேன். நல்லதுக்குத்தாம்மா."

புயல் ஆந்திராப் பக்கம் திரும்பிப் போய்விட்டிருந்தது. அடையாறில் ஒரு கொடிக்கயிறுகூட அறுந்து விழவில்லை. இருவர் கைபேசியிலும் தவறிய அழைப்பு எதுவும் இல்லை.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றார் நெடுஞ்செழியன். "எங்களுக்காக இவ்ளோ சிரமப்பட்டிருக்கீங்க."

சூடாமணி கணவரைப் பார்த்தாள். பிறகு கனகராஜைப் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.

அன்று உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மட்டும் அவளுக்கு மயிலாப்பூர் பேச்சு வந்துவிட்டது. "இன்னாத்துக்கு நன்றி சொன்ன நீ? அவன் மூலைக்காக வெட்டிட்டு, புயலுங்கறான். நீ வேற கும்புடு போட்டுகினு கீற."

"நீ எல்லாத்தையும் சந்தேகப்படற மணி. பாவம், பயத்துல பண்ணிட்டாரு."

மரம் போனதைவிட அந்தப் "பாவம்"தான் உள்ளே போய்த் தைத்தது. அந்த இரவே அவளுக்குத் தெளிவாகிவிட்டது, தனக்கு வேண்டியது என்ன என்று. நஷ்டஈடு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். 'என் ஈசான்யத்துக்காகத்தான் வெட்டினேன்' என்று கனகராஜ் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை நெடுஞ்செழியன் தன் காதால் கேட்க வேண்டும். அது போதும்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. பொங்கல் போனது, மாசி போனது. வெட்டிய கட்டைகள் வெயிலில் காய்ந்து வெடித்தன. வழியைக் கடைசியில் கனகராஜே கொண்டுவந்து கொடுத்தார்.

சர்க்கரை பார்க்க ஒருநாள் காலையில் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தார். சூடாமணியின் நாற்காலிதான் காலியாக இருந்தது. ஊசி என்றால் அவருக்குப் பயம் என்பது கையைப் பிடித்ததுமே தெரிந்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த நஸ்ருன்னிசா, மரத்தின் கதை முழுக்கத் தெரிந்தவள், 'குத்து, நல்லாக் குத்து' என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். சூடாமணி பார்க்காததுபோல இருந்துவிட்டாள். ஊசியில் காட்டுவதெல்லாம் மட்டமான வேலை. ஒரே குத்து, நரம்பு கிடைத்தது.

பயத்தை மறைக்கக் கனகராஜ் பேசிக்கொண்டே இருந்தார். "ஒங்க மூலையில மரம் நின்னதே தப்பும்மா. நா ஒங்க நல்லதுக்குச் சொல்லுதேன். தென்கிழக்குல்லா அது? அக்னி மூலை. அங்கன அடுப்புதான் இருக்கணும். சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுது."

குழாயில் இரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்த சூடாமணி தலையை நிமிர்த்தினாள்.

"அடுப்புதானே சார்?"

"ஆமா. அடுப்பு இருந்துச்சின்னா குடும்பத்துக்கு விருத்தி."

"சரிங்க," என்று பஞ்சை வைத்து அழுத்தினாள். "கைய மடக்கிக்குங்க."

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் கைபேசியில் ஒரு காணொளியை நஸ்ருன்னிசாவிடம் காட்டினாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தோட்டத்தில் செங்கல்லால் கவிழ்த்த சட்டி போல ஓர் அடுப்பைக் கட்டி, உள்ளே விறகைப் போட்டு எரித்து, ரொட்டியை வெளியே எடுத்தார்.

"பீட்சா அடுப்பா? எதுக்குக்கா? நாலு செங்கல்ல வச்சு வெந்நீர் அடுப்பு போட்டா ஆவாதா?"

"வெந்நீர் அடுப்பு போட்டா வம்புக்குப் போட்டான்னு சொல்வாங்க. இத்த பாத்தா ஆசைக்குக் கட்டினதுன்னு நம்புவாங்க."

நஸ்ருன்னிசா டப்பாவை மூடினாள். "அப்போ இது அடுப்பு இல்ல. ஆப்பு."

நெடுஞ்செழியனிடம், ரொட்டி சுடக் கற்றுக்கொள்ளப் போவதாக மட்டும் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கோவம் போயிடுச்சா மணி?" என்று கேட்டார். அவள் வெட்டுப்பட்ட அடிமரத்தின்மேல் நின்று மதிலை அளந்துகொண்டிருந்தாள்.

கூப்பிட்ட கொத்தனார் காணொளியைப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தளம்னா கம்பி கட்டணும், சென்ட்ரிங் அடிக்கணும். கம்பியே இல்லாம கல்ல அந்தரத்துல நிக்க வைக்கறதெல்லாம் நமக்கு ஒத்து வராது மேடம்." மேடை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சத்தைச் சூடாமணியே செய்வதென்று ஆயிற்று. ஒரு செங்கல்லை இன்னொன்றின்மேல் வைத்துப் பழக்கமில்லாதவள். சாந்துக் கரண்டியை முதல் நாள் ஊசி பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தாள்.

நெடுஞ்செழியன் ஆணியடித்து, கயிறு கட்டி, சாக்கட்டியால் மேடைமேல் வட்டம் போட்டார். கரும்பலகையில் முப்பது வருஷமாகக் கையாலேயே வட்டம் போட்டவர். கயிறு அவருக்கு அவமானமாகக்கூட இருந்தது. வட்டத்துக்குள் ஈர மணலைக் கொட்டி, தட்டித் தட்டிக் கவிழ்த்த சட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன்மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டினார்கள். அதைச் சுற்றிப் பாதிச் செங்கற்களாக அடுக்கிக்கொண்டே உச்சிக்குப் போக வேண்டும். காய்ந்ததும் வாய் வழியாக மணலைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். காணொளியில் அது ஒரு பாட்டு முடிவதற்குள் முடிந்துவிட்டது.

இவர்களுடையது மறுநாள் விழுந்தது. வீடு கட்டுகிற மாதிரியே சிமெண்ட் கலவையைப் பூசி, அவசரப்பட்டு மணலைத் தோண்டிவிட்டாள். பாதி மணல் வெளியே வந்ததும் கூடு சத்தமே இல்லாமல் உள்ளே உட்கார்ந்தது, பெருமூச்சு விட்டதுபோல. மதிலுக்கு மேல் கனகராஜின் தலை தெரிந்தது.

"என்னம்மா, அடுப்பு படுத்துருச்சா? பரவாயில்ல, திரும்பக் கட்டுங்க. எடம் சரியான எடம். நா சொன்னதக் கேட்டு நடக்கிய, நல்லா வருவிய."

அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் தன் பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா அக்னி மூலையைச் சரிசெய்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காமல் சூடாமணி பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பழைய உலையை இடித்த இடத்திலிருந்து நெருப்பு தாங்கும் செங்கற்களை அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவருடைய வண்டியில் ஏற்றி வந்தாள். பிள்ளையார் சிலைக்குக் களிமண் விற்பவரிடம் மண் வாங்கி, மணலும் சுண்ணாம்பும் சேர்த்துக் காலால் மிதித்தாள். செங்கல்லை உளியால் இரண்டாகப் பிளக்கும்போது முதலில் தூள்தான் கிடைத்தது; பிறகு துண்டு கிடைத்தது; பிறகு பாதி கிடைத்தது. கனகராஜின் உள்ளங்கை வியர்த்த அந்தக் கணத்தை நினைத்துக்கொண்டு ஓங்குவாள், சரியாகப் பிளக்கும். விரல் நுனிகள் சுண்ணாம்பில் வெந்தன. பரிசோதனைக் கூடத்தில் கையுறையை இழுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் உள்ளே சாய, மேலே போகப் போக வட்டம் சிறுத்தது. உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி வைத்த மாலை அவள் கீழே இறங்கவே இல்லை. மேடையில் உட்கார்ந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்து, ஈரமாக, ஏதோ ஒரு பிராணியின் முதுகுபோல இருந்தது.

இந்த முறை மணலை எடுத்தபோது கூடு நின்றது.

ஆனால் அவள் ஒன்றை யோசிக்கவில்லை. சமைப்பவர் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும் என்பதற்காக அடுப்பின் வாயை மேற்கே, தன் வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். ஈரம் காயச் சின்னச் சின்னதாகத் தீ மூட்ட வேண்டும் என்றிருந்ததால் ஒரு மாலை தேங்காய் மட்டையை வைத்துப் பற்றவைத்தாள். அடையாறில் சாயங்காலம் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். கடலிலிருந்துதான். கிழக்கிலிருந்து வந்த காற்று புகையை அப்படியே வாரி அவளுடைய சமையலறைக்குள் கொண்டுவந்து கொட்டியது. நெடுஞ்செழியன் இருமிக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தினார். சோற்றில் புகை, தலையணையில் புகை. மறுநாள் நஸ்ருன்னிசா அவளை முகர்ந்து பார்த்து, "அக்கா, இன்னா தந்தூரிக் கோழி மாதிரி மணக்கிற?" என்றாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு இழைகூடப் போகவில்லை. அதுதான் வயிறெரிச்சல். நெருப்பு தன் மண்ணில் எரிவதால் கனகராஜுக்கு ஒன்றும் இல்லை. மரத்தின் நிழல் தாண்டியதுபோல ஏதாவது ஒன்று மதிலைத் தாண்டி அவருடைய ஈசான்யத்துக்குள் விழ வேண்டும். புகையைத்தான் நம்பியிருந்தாள். புகை கட்சி மாறிவிட்டது.

"ஏம்மா, கொசு மருந்து அடிக்கியளா?" என்றார் கனகராஜ் மாடியிலிருந்து. அவர் மனைவி பங்கஜம்கூடச் சிரித்தாள்.

சூடாமணியும் சிரித்தாள்.

இதற்கிடையில் ஆனி மாதம் கடைசிக்கு வந்துவிட்டது. "புது அடுப்புல முதல்ல பால் காய்ச்சணும் மணி," என்றார் நெடுஞ்செழியன். "ஆடி பொறந்துட்டா ஒரு மாசம் எதுவும் ஆரம்பிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை காலைல நல்ல நேரம் இருக்கு."

வாரக்கணக்கில் சின்னத் தீயாகப் போட்டுக் கூட்டை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் பெரிய தீ போட வேண்டும் என்று எல்லாக் காணொளியிலும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆடி மாதம் கிடையாது. நல்ல நாளில் பால் பொங்கியே ஆக வேண்டும். பொங்குவதற்குச் சின்னத் தீ பற்றாது. சரி, காய்ச்சிவிடுவோம் என்று சூடாமணியும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேடைக்குக் கோலம் போட்டார்கள். கூட்டின் உச்சியில் மஞ்சள் குங்குமம். நஸ்ருன்னிசா பிசைந்த மாவை ஒரு டப்பாவில் அமுக்கிக்கொண்டு வந்திருந்தாள். பால் பொங்கியதும் முதல் ரொட்டி. மதிலோரம் அடுக்கியிருந்த வாதாம் கட்டைகளிலிருந்து நல்லதாகப் பொறுக்கிச் சூடாமணி உள்ளே அடுக்கினாள். ஏழு மாதம் வெயில் குடித்த கட்டை. தீக்குச்சியைக் காட்டியதுமே பிடித்துக்கொண்டது. பால் சட்டியை வாயருகே தள்ளினாள். நெருப்பு கூட்டின் உள்முதுகில் ஏறி உருண்டு திரும்பி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பால் நுரைத்து மேலே வந்தது. "பொங்கலோ..." என்று நெடுஞ்செழியன் ஆரம்பிக்கும்போது, விடலைத் தேங்காய் உடைத்ததுபோல ஒரு சத்தம்.

பால் பொங்கிக் கரியில் சொய்யென்று வழிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கூட்டின் தெற்குப் பக்கம் அடியிலிருந்து உச்சி வரை ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. உள்ளே சிக்கியிருந்த ஈரம் முதலில் ஆவியாகச் சீறியது.

சூடாமணிக்கு, வெந்த விரல்கள், மிதித்த மண், பிளந்த கல் எல்லாம் அந்த ஒரு கோட்டில் முடிந்ததுபோல இருந்தது. "ஐயோ அக்கா" என்றாள் நஸ்ருன்னிசா. நெடுஞ்செழியன் களிமண் குழைக்க ஓடினார்.

ஆவி நின்று புகை வர ஆரம்பித்தது. ஆனி மாதத்துக் காலைக் காற்று கடலிலிருந்து வருவதில்லை, மேற்கிலிருந்து வரும். அது அடுப்பின் வாயில் வந்து அடைத்துக்கொண்டு ஊதியது. வாய் வழியாக வெளியே வர முடியாத புகை, புதிதாகக் கிடைத்த வழியைக் கண்டுகொண்டது. விரிசலிலிருந்து கெட்டியாக, சாம்பல் நிறத்தில் எழுந்து, மதில் மேல் கை ஊன்றித் தாண்டுவதுபோல ஏறி இறங்கி, கனகராஜின் பூஜை அறை ஜன்னலுக்குள் நேராகப் போயிற்று.

சூடாமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நகரு மணி, பூசிடறேன்," என்று நெடுஞ்செழியன் கை நிறைய மண்ணோடு வந்தார்.

"இருக்கட்டும்."

"விரிசல் பெருசாயிடும்!"

"இருக்கட்டும்ங்க." இன்னொரு கட்டையை எடுத்து உள்ளே வைத்தாள்.

அந்தப் பூஜை அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. பங்கஜம் இருமும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் விபூதியும் இடுப்பில் ஈர வேட்டியுமாகக் கனகராஜ் பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடி வந்தார்.

"என்னம்மா இது! சாமி படமே தெரியல. அணைங்க மொதல்ல!"

"பால் காய்ச்சறோம் சார். நல்ல நாளு. வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"பூசரூமு பூரா பொகையா இருக்கு, பால் குடிக்கச் சொல்லுதிய!"

"அக்னி மூலையில அடுப்பு வைக்கச் சொன்னது நீங்கதானே சார்? விருத்தின்னீங்க."

"வச்சிக்கிடுங்க, யாரு வேண்டாம்னா? பொக இங்கிட்டு வரக் கூடாதுல்லா. நா கார்ப்பரேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுப்பேன்."

"தாராளமா குடுங்க. அப்படியே அனுமதி வாங்காம அடுத்தவங்க வீட்டு மரத்த வெட்டினதையும் எழுதிக் குடுங்க. ஒரே நடையாப் போயிடும்."

"அது புயலுக்காகல்லா வெட்டினேன்!"

"இன்னா புயலு?" என்றாள் நஸ்ருன்னிசா, மாவு டப்பாவைப் பிடித்தபடி. "அதான் நெல்லூர் பக்கம் இட்லி துன்னப் போச்சே, அதுவா?"

கனகராஜ் அவளை விட்டு நெடுஞ்செழியன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "சார், நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. நீங்க சொல்லுங்க. ஒங்க மேல எனக்கு எவ்வளவு மரியாத. அணைக்கச் சொல்லுங்க சார்."

நெடுஞ்செழியனுக்கு யாராவது இப்படிக் கேட்டால் தாங்காது. கையிலிருந்த மண்ணை உதறினார். "பாவம் மணி, பெரியவரு கேக்கறாரு. அடுப்பு வேற வெடிச்சிடுச்சு. இன்னிக்கு அணைச்சிடலாமே." குழாயடியில் இருந்த வாளியைத் தூக்கினார். தண்ணீர் தளும்பியது.

சூடாமணி அடுப்பு வாயை மறித்து நிற்கவில்லை. வாளியைப் பிடுங்கவும் இல்லை. ஒதுங்கி வழிவிட்டாள். விட்டுக்கொண்டே கனகராஜிடம் மிக மெதுவாக, ஊசி போடும்போது பேசுகிற குரலில் சொன்னாள்: "இன்னிக்கு அணைக்கறோம் சார். ஆனா அடுப்பு இங்கதான் இருக்கும். விரிசலும் இருக்கும். வாரா வாரம் ரொட்டி சுடப் போறேன். பொகைதானே, போய்க்கினே இருக்கும். எதுக்கு இவ்ளோ பயப்படறீங்க?"

"எதுக்கா?" கனகராஜுக்குப் பயத்தில் எப்போதும்போலப் பேச்சு வந்துவிட்டது. "ஈசான்யம்மா அது! ஈசான்யத்துல தீயும் பொகையும் ஏறுனா அந்த வீட்டுல தொழில் நிக்காது, ஆம்பள நிக்க மாட்டான். வாஸ்துக்காரரு அடிச்சிச் சொல்லிருக்காரு. நெழலு விழுந்ததுக்கே கடையில ஒரு வருஷமா ஏவாரம் இல்ல. அந்த நெழலு ஆகாதுன்னுதான மரத்தையே எடுத்தேன், இப்ப தீயக் கொண்டாந்து வச்சிட்டியளே!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

விறகு வெடித்தது. நஸ்ருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். சூடாமணி எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. பல நாள் ஆடிக்கொண்டிருந்த பல் கையோடு வந்துவிட்டால் நாக்கு அந்த இடத்தைத் துழாவுமே, அப்படி இருந்தது. அவள் கனகராஜைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

நெடுஞ்செழியன் வாளியோடு அடுப்பின் முன் நின்றிருந்தார். வெட்டுப்பட்ட அடிமரத்தைப் பார்த்தார். மதிலோரம் அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்தார், அவை எப்படி அங்கே வந்தன என்று இப்போதுதான் யோசிப்பவர்போல.

"நான் உங்களுக்கு நன்றி சொன்னேன்," என்றார்.

"சார், அது வந்து..."

"அன்னிக்கு. இதே எடத்துல. உங்களுக்கு நன்றி சொன்னேன்."

கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பங்கஜம், "ஏங்க, வந்துருங்க" என்று கூப்பிட்டாள். அவர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நெடுஞ்செழியன் வாளியைத் தரையில் வைத்தார். தண்ணீர் சிந்தாமல், பார்த்து வைத்தார். கட்டைக் குவியலுக்குப் போய், இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து, அடுப்பின் வாயில் வைத்துக் காலால் உள்ளே தள்ளினார். விரிசல் வழியாகப் புகை ஒரு திரளாக எழுந்து மதிலைத் தாண்டியது.

"போதும்ங்க," என்றாள் சூடாமணி. "ரொட்டி வச்சா கருகிடும்."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த கட்டைக்குக் குனிந்துகொண்டிருந்தார்.